தாளில் இல்லாத வரி

மருந்து டப்பாவுக்குள் மாத்திரை அட்டையோடு ஒரு தாள் இருக்கும். எட்டாக மடித்து, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இரண்டு பக்கமும் அச்சடித்தது. வாங்குகிறவர்கள் அதைப் பிரிப்பதில்லை. பிரித்துத் தொலைத்தவர்களும் திரும்ப மடிக்கத் தெரியாமல் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். அந்தத் தாளை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தவர்கள் ஊருக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். இது அந்த இரண்டு பேரின் கதை.

ஒருவர், அந்தத் தாள்களை அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மேசையில் எப்போதும் பூதக்கண்ணாடி ஒன்று கிடக்கும் என்பதால் அதையே பட்டப்பெயராக வைத்தார்கள். கூப்பிட நீளமாக இருக்கிறதென்று பிறகு பூதம் என்று சுருக்கினார்கள். ஐந்தடி உயரம், ஐம்பது கிலோ, உரக்கத் தும்மினால் நாற்காலியோடு நகர்ந்துபோகிற உடம்பு. பூதம்.

இன்னொருத்தி அவருக்கு எதிரில் உட்கார்ந்து உரக்கப் படிப்பவள். பூதத்தின் மனைவிக்குத் தங்கை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வாய் ஓயாது என்பதால் அவள் ரேடியோ. அத்தான் சொல்லித்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவள்தான் மறந்ததில்லை.

வேலை இப்படி. மருந்துக் கம்பெனி அனுப்பிய ஒரிஜினல் ரேடியோவின் கையில் இருக்கும். அச்சுக்குப் போகுமுன் எடுத்த புரூஃப் பூதத்தின் கையில் இருக்கும். அவள் ஒரிஜினலைக் கமா, புள்ளி, அடைப்புக்குறி விடாமல் படிப்பாள். அவர் பென்சிலை வரி வரியாக நகர்த்தி, இரண்டும் ஒத்துப்போனால் ‘சரி’ என்பார். ஒத்துப்போகாவிட்டால் ‘நில்’ என்பார். திருத்தங்களைக் கணினியில் போட்டு மறுபடியும் தாள் எடுத்ததும் இரண்டாம் சுற்று. இந்தச் சுற்றில் ஆள் மாறும். அவர் புரூஃபைப் படிப்பார், அவள் ஒரிஜினலைப் பார்ப்பாள். வருடக்கணக்கில் இப்படிப் படித்ததில் ரேடியோவுக்கு வீட்டிலும் கமா போடும் பழக்கம் வந்துவிட்டது. ‘சாப்பிட வா கமா தட்டைக் கழுவு புள்ளி’ என்பாள். பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

அறைச் சுவரில் இரண்டு விதிகள் ஒட்டியிருந்தன. இரண்டும் பூதம் எழுதியவை. ஒன்று: படிக்கிறவர் தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே முற்றுப்புள்ளி வரை படிக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, கருத்துச் சொல்லக் கூடாது. இரண்டு: ஓரத்தில் கையெழுத்துப் போட்ட திருத்தத்தை யாரும் மாற்றக் கூடாது, போட்டவரே ஆனாலும்.

இருபத்திரண்டு வருடத்தில் பூதத்தைத் தாண்டி ஒரு பிழை வெளியே போனதில்லை. சென்ற வாரம் போகப் பார்த்தது.

குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் தாள் அது. அவசர வேலை என்று ஒரே சுற்றோடு முடித்தார்கள். ரேடியோ, “ரெண்டு புள்ளி அஞ்சு மில்லி” என்று படித்தாள். பூதம் “சரி” என்றார். கையெழுத்துப் போட்ட தாளை மெஷின் அறைக்கு எடுத்துப் போகும்போது, படிக்கட்டில் வைத்து அவள் சும்மா ஒரு பார்வை பார்த்தாள். இருபத்தைந்து மில்லி என்று இருந்தது. நடுவில் புள்ளியைக் காணோம். புள்ளியென்றால் கடுகளவுதான். குழந்தைக்குப் போய்ச் சேருவது பத்து மடங்கு மருந்து. அங்கேயே அவள் தன் பேனாவால் அந்தப் புள்ளியைப் போட்டு, கணினிக்காரரிடம் கொடுத்து, வாயை மூடிக்கொண்டாள். இரண்டாம் விதியை அவள் மீறியது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

காரணத்தை அவள் தேடிப் போகவில்லை. குண்டூசி எடுக்க அவர் மேசை இழுப்பறையைத் திறந்தாள், குண்டூசி டப்பாவில் குண்டூசி இல்லை. மாத்திரை அட்டைகள் இருந்தன. ஏழு மாதத்துக்கு முன் கழுத்து வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை. பத்து நாளைக்கு எழுதியது. அபினின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாத்திரையின் தாளையும் இதே மேசையில் இதே இரண்டு பேர்தான் படித்துத் திருத்தினார்கள். பழக்கமாகலாம் என்பது அதில் கனத்த எழுத்தில் இருக்கிறது. கனத்த எழுத்து போதவில்லை என்று இன்னும் கனமாக்கச் சொன்னவரே பூதம்தான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான், ஆனால் இங்கே வேலிக்கு எழுதப் படிக்கவும் தெரியும்.

அதன்பிறகு அவள் குப்பைக்கூடையைப் பார்க்க ஆரம்பித்தாள். காலி அட்டைகளை வைத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு நான்கு வந்தது. ஒரே கடையில் வாங்கினால் கேள்வி வருமென்று அவர் அச்சகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை, பஸ் நிறுத்தத்தில் ஒரு கடை என்று மூன்று வைத்திருந்தார்.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள்.

“கழுத்து வலிக்குப் போடுறார்டி. டாக்டர் எழுதிக் குடுத்ததுதானே?” என்றாள் அக்கா. “இத்தனை வருஷத்துல உங்க அத்தான் ஒரு பாட்டிலத் தொட்டிருப்பாரா? ஒரு பீடி? எங்கேயாவது விசாரிச்சுப் பாரு.”

அத்தானிடமே கேட்டும் பார்த்தாள்.

“அத்தான், அந்த மாத்திரை கொஞ்சம் அதிகமாப் போகுதோ?”

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்தபடி, “அந்த மாத்திரையோட தாளைத் திருத்தினது யாரு?” என்றார்.

“நீங்கதான்.”

“அப்போ அதுல என்ன இருக்குன்னு எனக்கு நீ சொல்றியா?”

அவர் சொன்னதும் நியாயம்தான். பூமியில் அந்த மாத்திரையைப் பற்றி அவரைவிட அதிகம் படித்தவர் யாரும் இல்லை. படித்துத் திருந்துவதாக இருந்தால் அவர் என்றைக்கோ திருந்தியிருக்க வேண்டும்.

முதலாளியிடம் சொல்வது மூன்றாவது வழி. சொன்னால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சொல்லாமல் இருக்கலாமென்றால், நாளைக்குக் காலையில் பச்சைக் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தின் தாள் வருகிறது. பிறந்து ஒரு வாரமான குழந்தையிலிருந்து அளவு தொடங்குகிறது. தாள் முழுக்கப் புள்ளி. எல்லாவற்றையும் அவளே இன்னொரு தடவை பார்க்கலாம்தான். ஆனால் அவள் உரக்கப் படிக்கப் பழகியவள், அவரைப் போலக் கண் இல்லை. படிக்கட்டில் அன்றைக்கு அந்தப் புள்ளி பட்டது குருட்டு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பிக் குழந்தைக்கு மருந்து கொடுக்க முடியுமா?

ரேடியோ இந்த யோசனையோடு வேலைக்கு வந்த அன்றைக்கு மேசையில் காத்திருந்தது மருந்துத் தாள் இல்லை. சுகாதார அலுவலகம் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொடுக்கப்போகும் துண்டுப் பிரசுரம். ‘பரவலாகத் தவறாகப் பயன்படுத்தப்படும் போதைப் பொருட்கள்: அறிய வேண்டிய உண்மைகள்.’ நான்கு பக்கம். முதல் பக்கத்தில் சோகமாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் நிழல் படம். இந்த மாதிரிப் பிரசுரங்களில் எல்லாரும் முழங்காலில் முகத்தைப் புதைத்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பதில்லை.

பூதம் பென்சில் சீவி முடித்து, “ஆரம்பி” என்றார்.

“மதுவும் போதைப் பொருளே புள்ளி. கடையில் கிடைப்பதால் அது உணவாகிவிடாது புள்ளி.”

“சரி.”

“புகையிலையில் உள்ள நிகோடின் விரைவில் அடிமையாக்கும் புள்ளி.”

“சரி.”

கஞ்சா முடிந்தது. பசையையும் பெயின்ட் கரைப்பானையும் முகர்வது முடிந்தது. முதல் முறையிலேயே இதயம் நின்றுபோகலாம் என்பதற்கும் ஒரு சரி. மூன்றாம் பக்கம் வந்தது.

“மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் பழக்கமாக மாறலாம் புள்ளி. வலி மாத்திரைகளில் சிலவும் கமா தூக்க மாத்திரைகளும் இதில் அடங்கும் புள்ளி.”

“சரி.”

“உடல் பழகப் பழக முன்பு போதுமாக இருந்த அளவு போதாமல் போகும் புள்ளி. அறிகுறிகள் முக்கால் புள்ளி. கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்குதல் கமா பகலில் தூங்கி வழிதல் கமா மலச்சிக்கல் கமா அரிப்பு கமா கவனக் குறைவு கமா கடை மாற்றி மாற்றி வாங்குதல் கமா மறைத்து வைத்தல் புள்ளி.”

“சரி” என்று சொல்லி பூதம் முழங்கையைச் சொறிந்தார்.

ரேடியோ தலை நிமிர்ந்து பார்த்தாள். பென்சில் ஒரே வரியில் நின்றுகொண்டிருந்தது. அந்த வரியும் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவள் மறுபடி தாளைப் பார்த்தபடி, குரல் மாறாமல் தொடர்ந்தாள். ஆனால் அவள் படித்தது தாளில் இல்லை.

“இந்த அச்சகத்தின் பிழை திருத்துபவர் கமா என் அக்கா வீட்டுக்காரர் கமா மாத்திரை போட்டுப் போட்டு நான் படிப்பது காதில் விழாத நிலைக்கு வந்துவிட்டார் புள்ளி.”

“சரி.”

பத்து வருடம் முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘உண்ணவும்’ என்பதை ‘உட்கொள்ளவும்’ என்று வாய் தவறிப் படித்ததற்கு ‘நில்’ என்று மேசையைத் தட்டிய மனிதர் இவர். அந்த மனிதரைத் தேடுவதைப்போல இன்னொரு வரி படித்தாள்.

“நாளை சொட்டு மருந்துத் தாளில் ஒரு புள்ளி போனால் கமா ஒரு குழந்தை போகும் புள்ளி.”

“சரி” என்றார் பூதம். “அடுத்தது.”

அவள் அடுத்ததைப் படித்தாள். நான்கு பக்கமும் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, குண்டூசி டப்பாவை எடுத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனார்.

மதியம் கணினிக்காரர் சாப்பிடப் போனார். ரேடியோ சாப்பிடவில்லை. கணினிக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி, மூன்றாம் பக்கத்தில், அறிகுறிகளுக்குக் கீழே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாள். எழுத்தின் அளவை மற்ற வரிகளுக்குப் பொருந்த வைத்தாள். காதுக்குள் போகாதது வாய் வழியாகவாவது போகுமா என்பது அவள் கணக்கு. போகாவிட்டால் ஐந்து மணிக்கு முதலாளி அறைக்கதவைத் தட்டுவதென்று முடிவு செய்துகொண்டாள். அத்தானின் வேலை போகும். அக்கா அவள் முகத்தில் விழிக்க மாட்டாள். போகட்டும். குழந்தைக்கு அத்தான் யார், அக்கா யார்?

இரண்டு மணிக்கு இரண்டாம் சுற்று. ஆள் மாறியாகிவிட்டது. பூதம் புதுத் தாளைக் கையில் எடுத்தார். ரேடியோ ஒரிஜினலின் மேல் விரலை வைத்தாள்.

பூதம் படிப்பது ஒரே சுருதி. சாவுச் செய்தியானாலும் சலவைப் பட்டியலானாலும் அதே குரல். மதுவைப் படித்தார். புகையிலையைப் படித்தார். அவள் “சரி, சரி” என்று வந்தாள். மூன்றாம் பக்கத்தில் மலச்சிக்கலையும் மறைத்து வைத்தலையும் தாண்டினார்.

“இந்தத் தாளைத் திருத்துகிறவர் கமா ஏழு மாதமாக கமா நாளொன்றுக்கு நான்கு வலி மாத்திரை விழுங்குகிறார் அரைப்புள்ளி...”

அங்கே அவர் குரல் நின்றது.

அவர் தலையைத் தூக்கவில்லை. வாசலில் யாரோ வண்டியிலிருந்து காகிதக் கட்டு இறக்கும் சத்தம் கேட்டது. சுவரில் முதல் விதி ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரு வாக்கியத்தை நடுவில் விட்டு எழுந்து போகாத மனிதர் அவர். உதட்டை நனைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்.

“சென்ற வாரம் குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் தாளில் கமா இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் புள்ளி இல்லாததைப் பார்க்காமல் கமா சரி என்று சொன்னார் முற்றுப்புள்ளி.”

ரேடியோ ‘சரி’ சொல்லவில்லை. ‘நில்’ என்றும் சொல்லவில்லை. அவர் தாளைக் கிழிப்பார், கத்துவார், வேலை வாங்கிக் கொடுத்த கதையை முதல் முறையாகச் சொல்லிக் காட்டுவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

“தப்பு இருக்கு” என்றார் பூதம்.

பூதக்கண்ணாடியை எடுத்து அந்த வரியின் மேல் வைத்தார். சிவப்பு பேனாவைத் திறந்தார். ‘நான்கு’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார். அங்கிருந்து ஓரத்துக்கு இன்னொரு கோடு. ஓரத்தில், அவருடைய முத்து முத்தான எழுத்தில், ‘ஒன்பது’ என்று எழுதினார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“மத்தபடி சரி” என்றார்.

ரேடியோ அந்த ஒன்பதைப் பார்த்தாள். வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலும் பஸ் நிறுத்தத்துக் கடையிலும் வாங்கிய அட்டைகள் இந்தக் குப்பைக்கூடைக்கு வரவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பத்து வருடத்தில் அந்த அறையில் அவள் நிறுத்தற்குறி இல்லாமல் போட்ட சத்தம் அது ஒன்றுதான்.

“அந்தப் புள்ளி...” என்றார் அவர். “மெஷினுக்குப் போயிடுச்சா?”

“படிக்கட்டுல பாத்துட்டேன் அத்தான். நானே போட்டுட்டேன்.”

“கையெழுத்துப் போட்ட தாளிலயா?”

“ஆமா.”

“விதி இருக்கே” என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகம் கோணிப்போனது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ரேடியோ எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“அந்த டப்பாவக் குடுங்க. தூக்கி எறிஞ்சுடறேன்.”

“எறியக் கூடாது” என்றார் அவர், கைக்குள்ளிருந்து. “திடீரென நிறுத்தக் கூடாது கமா மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் புள்ளி. மாத்திரைத் தாள், பதினாலாவது பத்தி.”

“அப்போ கிளம்புங்க, கண்காணிப்புக்கு.”

“நாளைக்குச் சொட்டு மருந்து?”

“நானும் கணினிக்காரரும் படிக்கிறோம். நாலு சுத்து படிக்கிறோம்.”

அவர் முதலாளி அறைக்குத் தானே போனார். கால் மணி நேரம் முதலாளியின் குரல் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது இரண்டு வார விடுப்பு இருந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. போவதற்கு முன் பூதம், பிரசுரத்தை அந்த வாக்கியம் இல்லாமல் மறுபடி எடுக்கச் சொல்லி, அந்தப் புதுத் தாளில் கையெழுத்திட்டார். பழைய தாளை ரேடியோ மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். எட்டாக மடித்தாள். அந்த மடிப்புதான் அவளுக்குத் தெரியும்.

மாலை ஐந்தரைக்கு டாக்டர் அம்மாவின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பூதம், இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் ரேடியோ. வழியில் வீட்டில் நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி அக்காவையும் கூட்டிக்கொண்டார்கள். இங்கே வந்து உட்கார்ந்ததும் அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

“பாட்டிலத் தொடாத மனுஷன் டாக்டர். ஒரு பீடி கிடையாது.”

“பாட்டிலத் தொடலைன்னா என்னம்மா, அட்டையத் தொட்டிருக்காரே” என்றார் டாக்டர் அம்மா. பேனாவைத் திறந்துகொண்டு பூதத்தின் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தனை?”

பூதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்பதும், டாக்டர் எழுதப்போகிறார் என்பதும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின.

“ரெண்டு” என்றார். “வலி ஜாஸ்தியான அன்னைக்கு மூணு இருக்கும்.”

டாக்டர் அம்மாவின் பேனா தாளைத் தொட்டது.

ரேடியோ பைக்குள்ளிருந்து தாளை எடுத்தாள், எட்டு மடிப்பையும் பிரித்தாள், மேசையின் மேல் வைத்துக் கையால் நீவி, டாக்டர் பக்கமாகத் திருப்பினாள். சிவப்பு மையில் ஓரத்தில் இருந்த ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

டாக்டர் அம்மா படித்தார். அக்காவும் எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் கை தானாகக் கணவரின் முழங்கையைப் பிடித்தது.

“இது யார் கையெழுத்து?” என்றார் டாக்டர் அம்மா.

பூதம் சட்டைப் பையைத் தடவினார். பூதக்கண்ணாடி அச்சகத்திலேயே இருந்தது. அது இல்லாமலும் அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது.

“என்னோடதுதான்” என்றார்.

“அப்போ நான் என்ன எழுதட்டும்?”

அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒன்பதுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போட்டாச்சு, இனிமே மாத்த முடியாது.”